கட்டைச் சத்தத்துக்கும் முதல் அடிக்கும் நடுவே

"பொம்பளப் பிள்ளைகளுக்கு ரிஃப்ளெக்ஸ் கொஞ்சம் கம்மிதான்" என்ற பேச்சு குறுவட்டப் போட்டி நடக்கும் எந்த மைதானத்திலும் காதில் விழும். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பெண்கள் ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், ஓட்டம் தொடங்கக் கட்டை தட்டியதும் பையன்களைப் போல வரிசை மொத்தமும் சடாரென்று கிளம்புவதில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். பார்த்தது சரி, சொல்லும் காரணம்தான் தப்பு. காரணம் தப்பானால் கொடுக்கிற பயிற்சியும் தப்பாகிவிடும். நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு.

நான் தென்காசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. படிக்கும் காலத்தில் 100, 200 மீட்டர் ஓடியவள். எங்களுடையது இருபாலர் பள்ளி. காலையில் பையன்களும் பெண்களும் ஒரே மண் டிராக்கில், ஒரே கட்டைச் சத்தத்துக்கு ஓடுகிறார்கள். இரண்டு பேரையும் அடுத்தடுத்து நிறுத்தி வருஷக்கணக்காகப் பார்க்கும் வாய்ப்பு எல்லாப் பயிற்சியாளருக்கும் கிடைக்காது. அதில் எனக்குத் தெளிவானதை, மற்ற பி.டி. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. பிள்ளைகளின் பையில் கிடக்கும் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளமான மர ஸ்கேல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதுவே போதும். பிள்ளையை மேசை ஓரத்தில் உட்கார வைத்து, முன்கை மேசை மேல் படிந்திருக்க, மணிக்கட்டு மட்டும் வெளியே நீட்டச் சொல்வேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் திறந்திருக்க வேண்டும். ஸ்கேலின் சுழிக்கோடு அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி மேலே பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுவேன். விரல் எந்தக் கோட்டில் பிடிக்கிறதோ அதுதான் மதிப்பெண். 15 செ.மீ. என்றால் ஏறக்குறைய 0.175 வினாடி. 20 செ.மீ. என்றால் 0.20 வினாடி. 25 என்றால் 0.226. எல்லாப் பொருளும் ஒரே மாதிரி விழும் என்ற ஒன்பதாம் வகுப்பு இயற்பியல்தான். இதில் பலம் தேவையில்லை, உயரம் தேவையில்லை. பார்ப்பது, விரலை மூடுவது, அவ்வளவே.

முதல்முறை இதைச் செய்யும்போது பையன்கள் ஜெயித்துவிடுவோம் என்ற நினைப்பில்தான் வரிசையில் நிற்பார்கள். எண்களைக் கரும்பலகையில் எழுத எழுத முகம் மாறும். 17, 19, 16, 20, 18 என்று பையன்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் அதே எண்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஆய்வுகளில் ஆண்களின் சராசரி சற்று முன்னால் இருப்பதாக வருவது உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சராசரி வித்தியாசத்தைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் உள்ள வித்தியாசமும், நன்றாகத் தூங்கிய நாளுக்கும் தூங்காத நாளுக்கும் உள்ள வித்தியாசமும் பெரிது.

அதே பிள்ளைகளை அன்றைக்கே மைதானத்துக்குக் கூட்டிப்போய் 30 மீட்டர் ஓடவிட்டால் படம் மாறிவிடும். பத்தாம் வகுப்புக்கு மேல் பையன்கள் தெளிவாக முன்னால் போய்விடுவார்கள். விரல் மூடுவதில் சமமாக இருந்தவர்கள் ஓட்டத்தில் ஏன் பிரிகிறார்கள்? சத்தம் காதில் விழுந்து மூளை கட்டளை கொடுப்பது ஒரு வேலை, அந்தக் கட்டளைப்படி தசை தரையை உதைத்து உடம்பை நகர்த்துவது வேறு வேலை. முதல் வேலையில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டாவது வேலையில்தான் இடைவெளி. நாம் வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் சேர்ந்தே தெரிவதால் மொத்தப் பழியும் ரிஃப்ளெக்ஸ் மேல் விழுகிறது.

இதற்கு ஒலிம்பிக்கிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்டார்ட்டிங் பிளாக்கில் காலை வைத்து நிற்கும் வீரர் எப்போது கிளம்பினார் என்பதை அந்தப் பிளாக்கே கண்டுபிடிக்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 0.100 வினாடிக்குள் கிளம்பினால் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினார் என்று வெளியேற்றுவார்கள். 2022இல் அமெரிக்காவின் யூஜீனில் நடந்த உலகப் போட்டியில் தடை ஓட்டக்காரர் டெவன் ஆலன் 0.099 வினாடியில் கிளம்பியதாகக் கணக்கு வந்து, தான் படித்த பல்கலைக்கழக மைதானத்திலேயே இறுதி ஓட்டத்திலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதிவான இந்த நேரங்களை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2011இல் வெளியிட்டார்கள். ஆண்கள் 0.109 வினாடி வரையும் பெண்கள் 0.121 வரையும் இறங்கலாம் என்று கணக்கு வந்தது. இதோடு நிறுத்தினால் பெண்கள் மந்தம் என்றுதான் ஆகும். அவர்கள் நிறுத்தவில்லை. பிளாக்கில் ஒரு குறிப்பிட்ட அளவு அழுத்தம் வந்த பிறகுதான் 'கிளம்பினார்' என்று கருவி பதிவு செய்யும். அந்த அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தது. தசை பலம் குறைந்தவர் அந்த அளவை எட்டச் சில மில்லி வினாடி கூடுதலாகும். பெண்களுக்கு அந்த அளவை 22 சதவீதம் குறைத்து வைத்தால் அவர்கள் நேரமும் ஆண்களுடைய நேரத்துக்கு வந்துவிடும் என்பது அவர்கள் கணிப்பு.

குண்டு எறிதலில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. குறுந்தூரத் தடை ஓட்டத்தில் ஆண்களுக்கு 106.7 செ.மீ. உயரம், பெண்களுக்கு 83.8. கிரிக்கெட் பந்துகூட பெண்களுக்குச் சற்று எடை குறைவு. இப்படி எல்லாவற்றிலும் உடம்புக்கேற்ற அளவு வைத்த விளையாட்டுலகம், பிளாக்கில் மட்டும் ஒரே அளவை வைத்துவிட்டு வந்த எண்ணைக் காதின் கணக்கில் எழுதியிருக்கிறது. எங்கள் ஊர்க் கட்டைச் சத்தத்துக்கும் இதே கதைதான். பிள்ளைக்குச் சத்தம் கேட்டுவிட்டது, கால் உதைக்கும் பலம்தான் இன்னும் வரவில்லை.

இந்தச் சில மில்லி வினாடியைப் பெரிதாகப் பேச வேண்டுமா என்று கேட்கலாம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. அந்த வேகத்தில் நூறில் ஒரு வினாடி என்பது பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஆகவே ஸ்டார்ட் முக்கியம், பயிற்சி கொடுக்கத்தான் வேண்டும். எந்தப் பயிற்சி என்பதுதான் கேள்வி. கட்டையைத் தட்டித் தட்டி "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று கத்துவதால் பெண்பிள்ளையின் ஸ்டார்ட் ஓரளவுக்கு மேல் திருந்தாது. ஸ்குவாட், படி ஏறிக் குதிப்பது, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது, மணல் மூட்டையை மார்போடு பிடித்துத் தள்ளுவது ஆகியவற்றைக் கொடுத்தால் திருந்தும். எங்கள் பள்ளியில் ஜிம் கிடையாது. உர மூட்டைச் சாக்கில் மணல் நிரப்பித்தான் செய்கிறோம்.

பிளாக் வைப்பதிலும் கவனம் வேண்டும். பள்ளிகளில் பையன்களுக்கு வைத்த பிளாக்கை அப்படியே விட்டுவிட்டுப் பெண்களைக் கூப்பிடுவது வழக்கமாக இருக்கிறது. கோட்டிலிருந்து முன்கால் பிளாக் தன் பாதத்தால் இரண்டு அடி, பின்கால் பிளாக் மூன்று அடி என்று ஆரம்பித்து, அவரவர் உயரத்துக்கேற்ப நகர்த்த வேண்டும். அடுத்தவர் பாதத்தால் அளந்த பிளாக்கில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிற்கும், 'செட்' சொன்னதும் கை நடுங்கும். தோள் பலம் குறைந்த பிள்ளை உடம்பின் பாரத்தை ரொம்ப முன்னால் கைகளில் ஏற்றக் கூடாது. பார்க்க அழகாக இருக்கும், கிளம்பும்போது தடுமாறும். 'செட்'டுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரே இடைவெளி விட்டுப் பழக்காதீர்கள். ஒருமுறை சட்டென்று, ஒருமுறை இரண்டு வினாடி காத்து என்று மாற்றினால்தான் பிள்ளை எண்ணிக்கொண்டு ஓடாமல் கேட்டு ஓடும்.

இனி வேகத்தைப் பற்றி. இங்கே நான் பூசி மெழுகுவதில்லை. 100 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் ஓடிய 9.58 வினாடி. பெண்கள் சாதனை புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988இல் ஓடிய 10.49. இருவரையும் ஒன்றாக ஓடவிட்டால் போல்ட் கோட்டைத் தொடும்போது ஜாய்னர் ஒன்பது, பத்து மீட்டர் பின்னால் இருப்பார். நீளம் தாண்டுதலில் 8.95 மீட்டர், 7.52 மீட்டர். உயரம் தாண்டுதலில் 2.45, 2.10. நம் நாட்டில் டூட்டி சந்த் 2021இல் வைத்த தேசியச் சாதனை 11.17 வினாடி. மாநிலப் பள்ளிப் போட்டியில் மெடல் வாங்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் அதைவிட வேகமாக ஓடிவிடுவான். டூட்டியின் உழைப்பில் நூறில் ஒரு பங்குகூட அவன் போட்டிருக்க மாட்டான். உழைப்பின் அளவை இந்த எண்கள் காட்டுவதில்லை.

பத்து, பதினோரு வயது வரை ஓட்டத்தில் ஆணும் பெண்ணும் பெரிய வித்தியாசம் இல்லாமல்தான் இருக்கிறார்கள். பெண்களுக்கு வளர்த்தி ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிடுவதால் ஆறாம், ஏழாம் வகுப்பில் வகுப்பிலேயே வேகமான ஆள் ஒரு பெண்ணாக இருப்பது சாதாரணம். பிறகு பையன்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிறது. பருவம் முடியும்போது பெண்களுடையதைப் போல 15 மடங்குக்கு மேல். தசை கூடுகிறது, எலும்பு நீள்கிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களைவிட ஏறக்குறைய 12 சதவீதம் கூடுகிறது. பெண் உடம்பில் அதே நேரம் கொழுப்பு சேர்கிறது, இடுப்பு விரிகிறது. அடி எடுத்து வைக்கும் எண்ணிக்கையில் தேர்ந்த ஓட்டக்காரர்களுக்குள் ஆண் பெண் வித்தியாசம் குறைவு. அடியின் நீளத்தில்தான் விட்டுப்போகிறது. தரையில் பாதம் படும் நேரம் பத்தில் ஒரு வினாடிதான். அந்தக் கண நேரத்தில் எவ்வளவு பலமாக உதைக்கிறோமோ அவ்வளவு தூரம் உடம்பு பறக்கும்.

இந்த இடத்தில்தான் நான் அதிகம் பிள்ளைகளை இழந்திருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில். ஒரு பெண்ணைச் சொல்கிறேன், விசைத்தறிக் குடும்பம். ஆறாம் வகுப்பில் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரையும் பின்னால் விட்டு ஓடியவள். ஒன்பதாம் வகுப்பு பாதியில் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மிஸ், நாளையிலேருந்து வரல."

"ஏம்ட்டி?"

"முன்னால இவன நான் ஜெயிச்சேன்லா. இப்ப பாதி வரைக்குங்கூட கூட ஓட முடியல. எனக்குக் காலு மந்தமாயிட்டு."

"உன் காலு எங்கயும் போகல. போன வருஷ டைமும் இந்த வருஷ டைமும் நோட்டுல இருக்கு, எடுத்துப் பாரு."

பார்த்தாள். போன வருஷத்தைவிட வேகமாகத்தான் ஓடியிருந்தாள். அவள் வளர்ந்திருந்தாள், பையன் அதைவிட அதிகம் வளர்ந்திருந்தான். அவ்வளவுதான் நடந்தது. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தில் ஹார்மோன் பற்றி ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் அது தன் 100 மீட்டர் நேரத்தைப் பற்றிய பாடம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவளை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வந்தாள்.

ஆகவே ஏழாம் வகுப்பிலேயே பெண்பிள்ளைகளிடம் இதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் பையன்கள் முன்னால் போவார்கள், அது உன் தோல்வி இல்லை, உன் போட்டி உன் வயதுப் பெண்களோடும் உன் பழைய நேரத்தோடும் என்று. ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. தேதி, 30 மீட்டர், 100 மீட்டர், நின்று தாண்டிய நீளம், ஸ்கேல் எண். பருவ வயதில் சிலருக்கு ஒரு வருஷம் முழுக்க நேரம் அப்படியே நின்றுவிடும். சிலருக்கு வேகம் சற்று இறங்கவும் செய்யும். அந்த வருஷம் விட்டுவிடாமல் பலப் பயிற்சியோடு பிடித்துக்கொண்டவர்கள் பதினொன்றாம் வகுப்பில் மறுபடி ஏறுகிறார்கள். கூட்டமாக ஓடும்போது பையன்களோடு ஓடுவதில் எனக்கு மறுப்பில்லை, துரத்த ஆள் இருந்தால் நல்லதுதான். ஆனால் முடிவில் யார் முதல் என்று சொல்ல மாட்டேன், அவரவர் நேரத்தை மட்டும் சொல்வேன்.

பலப் பயிற்சி என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். "வெயிட்டு தூக்குனா ஆம்பள மாதிரி ஆயிருவாளே டீச்சர், நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா" என்று அம்மாமார் நேராகவே கேட்பார்கள். மேலே சொன்ன அதே டெஸ்டோஸ்டிரோன் கணக்கைத்தான் அவர்களிடம் சொல்வேன். அது இல்லாத உடம்பில் மணல் மூட்டை தூக்குவதால் மலை மாதிரி தசை வந்துவிடாது. எலும்பு உறுதியாகும், முட்டி தாங்கும். ஜமைக்காவின் ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ் படத்தையும் காட்டுவேன். 152 செ.மீ. உயரம், நம் ஊர்ப் பெண்கள் உயரம்தான். 2008, 2012 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம், ஒரு பிள்ளை பெற்ற பிறகு 2019லும் 2022லும் உலகப் பட்டம். அவருடைய ஸ்டார்ட் வீடியோவை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பந்து விளையாட்டில் ரிஃப்ளெக்ஸ் வேறு மாதிரி. அங்கே சத்தத்துக்குக் கிளம்புவது இல்லை, வருவதைப் பார்த்து முன்கூட்டி ஊகிப்பது. ஊகம் பழக்கத்தால் வருவது. நம் தெருக்களில் மூன்று வயதிலிருந்து பையன் கையில் பந்து இருக்கிறது. பெண்பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் நான் எறியும் பந்துதான் பலருக்கு முதல் பந்து. அதனால்தான் பந்து முகத்துக்கு நேரே வந்தால் கண்ணை மூடிக் கழுத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதை மந்தம் என்று எழுதிவிடுவது அநியாயம். அந்தத் திருப்பலே எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பாருங்கள்! அனிச்சை வேலை செய்கிறது, எந்தப் பக்கம் போவது என்று அதற்குப் பழக்கம் இல்லை. பலூனில் ஆரம்பித்து, பிளாஸ்டிக் பந்து, டென்னிஸ் பந்து என்று ஏற்றினால் ஒரு பருவத்துக்குள் கண் திறந்தே இருக்கும்.

அஞ்சாங்கல் ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இது இன்னும் சுளுவு. ஒரு கல்லை மேலே வீசிவிட்டு, கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, கீழே கிடக்கும் நாலு கல்லையும் பக்கத்துக் கல் அசையாமல் வழித்தெடுத்து, விழுகிற கல்லையும் அதே கைக்குள் வாங்க வேண்டும். கல் எழும்பி விழ அரை வினாடியோ சற்றுக் கூடவோ ஆகும். அதற்குள் இத்தனை வேலை. எங்கள் ஸ்கேல் சோதனையில் 14, 15இல் பிடிக்கும் கைகள் பெரும்பாலும் அஞ்சாங்கல் கைகள்தான், நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் மைதானம் சகதியாகிவிட்டால் வராந்தாவில் பையன்களுக்கும் சேர்த்து அதைத்தான் ஆடவிடுகிறேன். ஆரம்பத்தில் பையன்கள் திணறுவார்கள்.

ஊகம்தான் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான நிகழ்ச்சி உண்டு. 2004இல் சாப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபிஞ்ச், ஆண்கள் பேஸ்பால் உலகின் பெரிய மட்டையாளர்களான ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாட்சா ஆகியோருக்குப் பந்து வீசினார். பந்தைத் தொடக்கூட முடியாமல் வெளியேறினார்கள். அவர்கள் நரம்பு திடீரென்று மந்தமாகிவிடவில்லை. வாழ்நாள் முழுக்கத் தோளுக்கு மேலிருந்து வரும் பந்தையே படித்துப் பழகியவர்களுக்கு, இடுப்புக்குக் கீழிருந்து வரும் பந்தைப் படிக்கத் தெரியவில்லை. அது முழுக்கப் பழக்கக் குறைவு. எங்கள் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை பந்தைத் தவறவிடுவதும் அதே காரணத்தால்தான்.

இரத்தசோகை பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதவே கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25. பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்பது கணக்கு. ஒன்பது கிராமில் ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு வாங்கும், கவனம் சிதறும். அதைப் பார்த்துவிட்டு 'பெண்ணுக்கு இயல்பிலேயே ஸ்டாமினா இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பயிற்சிப் பருவத் தொடக்கத்தில் என் பிள்ளைகள் எல்லாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்கிறேன். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வயிறு குமட்டுகிறது என்று ஜன்னல் வழியே எறிகிறவர்கள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். போட்டதும் டீ குடிக்கக் கூடாது, சத்து சேராது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ எடுத்தால் நல்லது. முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் சாப்பிடட்டும், ஆனால் குறைவு அதிகமென்றால் அவை மட்டும் போதாது, டாக்டர் எழுதித் தரும் மாத்திரைதான்.

தூக்கமும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகளில் பலர் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, தம்பிக்குச் சாப்பாடு கட்டிவிட்டுத்தான் காலைப் பயிற்சிக்கு வருகிறார்கள். அதே வீட்டுப் பையன் எழுந்ததும் நேரே மைதானத்துக்கு வருகிறான். இரண்டு பேரின் ஸ்டார்ட்டையும் ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் போட்டிக்கு முந்தின வாரமாவது பெண்ணைக் காலை வேலையிலிருந்து விடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன். சில வீட்டில் விடுகிறார்கள். மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்று கேட்பார்கள். ஓடலாம், முடியாதென்றால் உட்காரலாம், அதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். ஒருத்திக்கு ஒன்றுமே தெரியாது, இன்னொருத்திக்கு எழுந்து நிற்கவே முடியாது. பொது விதி போடுவதில் அர்த்தமில்லை. மைதானத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை இருப்பது எந்தப் பயிற்சி அட்டவணையையும்விட முக்கியம்.

கபடி, கால்பந்து ஆடும் பெண்களுக்கு முட்டியில் தனிக் கவனம். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துபோகும் ஆபத்து ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ அறுகிறது. ஒரு பெஞ்சிலிருந்து குதிக்கச் சொல்லி முன்னாலிருந்து பாருங்கள். இறங்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றை ஒன்று பார்த்து உள்ளே மடிந்தால் அந்தப் பிள்ளையை உடனே ரெய்டுக்கு அனுப்பாதீர்கள். முட்டி பாதத்துக்கு நேராக, சத்தமில்லாமல் இறங்கப் பழகட்டும், தொடையின் பின்புறத் தசையும் இடுப்பும் பலப்படட்டும். வாரம் மூன்று நாள், வார்ம் அப்போடு சேர்த்து கால் மணி நேரம் போதும்.

ஸ்டாப் வாட்ச் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டைச் சத்தம் 100 மீட்டர் தாண்டி உங்கள் காதுக்கு வர ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். சத்தம் கேட்டு அமுக்கினால் எல்லாப் பிள்ளையும் சாதனை படைத்துவிடும். கட்டை மோதுவதை, துப்பாக்கியானால் புகையை, கண்ணால் பார்த்து அமுக்க வேண்டும். அப்படி அமுக்கினாலும் கை நேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் 0.24 வினாடி வித்தியாசம் உண்டு என்பதால், கையில் எடுத்த 12.9ஐ மாநிலப் போட்டியின் 12.9ஓடு ஒப்பிடக் கூடாது. கட்டை தட்டுபவர் முதல் லேனுக்குப் பக்கத்தில் நின்றால் எட்டாவது லேன் பிள்ளைக்குச் சத்தம் கிட்டத்தட்ட 0.03 வினாடி பிந்தித்தான் போகும். பின்னால் நடுவில் நில்லுங்கள்.

இப்போது கலப்பு ரிலே வந்துவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் 4x400 கலப்பு அணியில் நாலு பேரில் மூன்று பேர் நம் ஊர்க்காரர்கள். மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, திருச்சி சுபா வெங்கடேசன், லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். ஆண், பெண் வேக வித்தியாசத்தை ஒரே ஓட்டத்தில் பார்க்க வேண்டுமானால் 2019 தோஹா உலகப் போட்டியின் கலப்பு ரிலே இறுதியைப் பாருங்கள். அப்போது யார் எந்த வரிசையில் ஓடுவது என்பது அணியின் விருப்பம். போலந்து முதலில் இரண்டு ஆண்களை ஓடவிட்டு எல்லாரையும் பின்னால் தள்ளியது, கடைசிச் சுற்றில் அதன் பெண்ணை மற்ற அணிகளின் ஆண்கள் பிடித்துவிட்டார்கள். பின்னாளில் ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசையை விதியாகவே வைத்துவிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் பயிற்சிக்காக 4x100ஐயும் கலந்து ஓடவிடுகிறேன். பேட்டன் கொண்டுவருபவர் எந்தக் கோட்டைத் தாண்டியதும் வாங்குபவர் கிளம்ப வேண்டுமோ அதுதான் மார்க். வாங்குவது பெண், வருவது பையன் என்றால் அதை இன்னும் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அவன் வேகத்துக்கு அவள் முன்னதாகவே கிளம்பியிருக்க வேண்டும். வருவது பெண், வாங்குவது பையன் என்றால் மார்க் கிட்டத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் அவன் வாங்காமலே ஓடிவிடுவான். இருபது பாதம், இருபத்திரண்டு பாதம் என்று எண்ணித்தான் மார்க் வைக்கிறோம். பையன் பாதத்தில் இருபதும் பெண் பாதத்தில் இருபதும் ஒரே தூரம் இல்லை. ஆகவே எத்தனை பாதம் என்பதோடு யார் பாதம் என்பதையும் நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒரு மழை பெய்தால் சுண்ணாம்புக் கோடு அழிந்துவிடுகிறது, மறுநாள் காலையில் அந்த ஆளையே கூப்பிட்டு மறுபடி அளக்க வேண்டும்.